கமலாதேவி சட்டோபாத்யாய்: கைத்தொழிலுக்கு வாரிசு தேடியவர்

சென்ற நவராத்திரியின்போது நம் சமுதாயக் கூடத்தில் இரண்டு நாள் கைவினைப் பொருள் விற்பனை நடந்தது பலருக்கு நினைவிருக்கும். காளஹஸ்தியிலிருந்து கலம்காரித் துணிகளுடன் ஒரு பெரியவர் வந்திருந்தார். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் விவாதம் தொடங்கிவிட்டது. அதே டிசைன் ஆன்லைனில் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறதே, இவர் ஏன் இவ்வளவு சொல்கிறார் என்று. ஆன்லைனில் வருவது அச்சடித்த துணி, இவர் கொண்டுவந்தது கையால் வரைந்தது என்று சிலர் விளக்கினார்கள். விவாதம் வழக்கம்போல் வேறு எங்கோ போய் முடிந்தது.

அவர் கடையைக் கட்டும்போது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அவர் இந்தத் தொழிலைத் தன் அப்பாவிடம் கற்கவில்லையாம். அவர்கள் ஊரில் அந்தக் காலத்தில் அரசு நடத்திய பயிற்சி மையத்தில் படித்த ஒருவரிடம் கற்றாராம். பரம்பரைத் தொழில் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் இப்படி ஒரு கண்ணி இருக்கிறதே என்று தோன்றியது. அந்த மையத்தின் கதையைத் தேடிப் போனால், அது கமலாதேவி சட்டோபாத்யாயில் போய் நிற்கிறது. சுதந்திரப் போராட்ட வீராங்கனை என்ற அளவில் பள்ளிப் புத்தகத்தில் அவர் பெயரைப் படித்திருப்போம். நம் வீட்டு ஷோகேஸில் இருக்கும் பொருள்களில் பாதிக்கு அவர் ஏதோ ஒரு வகையில் காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

கமலாதேவி 1903 ஏப்ரல் 3-ஆம் தேதி மங்களூரில் பிறந்தார். அன்று மங்களூர் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. அப்பா அனந்தையா தாரேஷ்வர் அரசாங்கத்தில் உயர் பதவியில் இருந்தவர். அம்மா கிரிஜாபாய் நன்றாகப் படித்தவர். கமலாதேவிக்கு ஏழு வயதானபோது அப்பா இறந்துபோனார். உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. அன்றைய சட்டப்படி சொத்து முழுவதும் அவருடைய முதல் மனைவியின் மகனுக்குப் போனது. கிரிஜாபாய்க்கும் மகளுக்கும் மாதாமாதம் ஒரு சிறு தொகை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். அந்த அம்மாள் அதை வாங்க மறுத்துவிட்டு, தன் சீதனத்தை வைத்தே மகளை வளர்த்தார். ஒரு வீட்டில் சேர்ந்த செல்வம் யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்ற கேள்வி இந்தப் பெண்ணுக்கு ஏழு வயதிலேயே வந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் செய்த வேலையைப் பார்க்கும்போது எனக்கு அடிக்கடி இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வருகிறது.

பதினான்கு வயதில் கல்யாணம். இரண்டே ஆண்டில் கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு மூலையில் உட்கார வேண்டிய பெண், சென்னைக்குப் படிக்க வந்தார். மெரினா கடற்கரைக்கு எதிரே இன்றும் நிற்கும் ராணி மேரி கல்லூரிதான் அவர் படித்த இடம். அங்கே உடன் படித்த சுஹாசினி, சரோஜினி நாயுடுவின் தங்கை. அந்தப் பழக்கத்தில் அவர்களுடைய சகோதரர் ஹரீந்திரநாத் சட்டோபாத்யாய் அறிமுகமானார். கவிஞர், நாடகக்காரர். (பழைய இந்திப் படம் பார்ப்பவர்களுக்கு: ‘பாவர்ச்சி’யில் கோபக்காரத் தாத்தாவாக வருவாரே, அவர்தான்.) விதவை மறுமணம், அதிலும் வேறு மொழிக்காரரோடு. உறவினர்கள் கொதித்தார்கள். இருவரும் பொருட்படுத்தவில்லை. ஒரு மகன் பிறந்தான். பின்னால் அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. அந்தக் காலத்தில் அபூர்வமாக இருந்த விவாகரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு பிரிந்தார்.

அரசியல் வாழ்க்கையை விரிவாக எழுதினால் இந்த இதழ் முழுவதும் போதாது. 1926-இல் சென்னை சட்டமன்றத் தேர்தலில் மங்களூரில் நின்றார். இந்தியாவில் சட்டமன்றத் தேர்தலில் முதலில் போட்டியிட்ட பெண்களில் அவர் ஒருவர். பிரச்சாரத்துக்குக் கிடைத்தது சில நாள்கள்தான், சொற்ப வாக்குகளில் தோற்றார். அடுத்து சில காலத்தில் அதே சபைக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகப் போனார். 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று காந்தியிடம் வாதாடியவர்களில் கமலாதேவியும் உண்டு. சட்டத்தை மீறிக் காய்ச்சிய உப்பைப் பொட்டலம் கட்டிப் பம்பாய் பங்குச் சந்தைக்குள்ளேயே போய் விற்றார். சிறைக்குப் போனார், அதற்குப் பிறகும் பலமுறை போனார்.

சுதந்திரம் வந்தபோது அவருக்கு வயது 44. அவரோடு சிறையில் இருந்தவர்கள் அமைச்சர்களாகவும் ஆளுநர்களாகவும் ஆனார்கள். இவருக்கும் பதவிகள் வந்தன, வேண்டாம் என்றுவிட்டார் என்பார்கள். அவர் போனது அகதி முகாம்களுக்கு.

பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் டெல்லியைச் சுற்றிக் கூடாரங்களில் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது, சொந்தக் காலில் நிற்க வழி செய்ய வேண்டும் என்று கமலாதேவி நினைத்தார். 1948-இல் இந்தியக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அரசாங்கத்திடம் கையேந்தக்கூடாது என்பது காந்தி போட்ட நிபந்தனை. வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்தவர்கள் ஃபரீதாபாத்தில் தங்களுக்கான ஊரைத் தாங்களே கட்டிக்கொண்டதில் இந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சுமார் 50,000 பேர் அங்கே குடியேறினார்கள்.

முகாம்களில் அவர் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்களிடம் மிஞ்சியிருந்தது கையில் இருந்த தொழில்தான். அதை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஆனால் செய்த பொருளை வாங்க ஆள் இல்லாவிட்டால் அந்தத் தொழிலும் கொஞ்ச நாளில் மறந்துபோகும். 1952-இல் டெல்லி ஜன்பத்தில் இருந்த குடிசைத்தொழில் எம்போரியத்தை அரசு இவருடைய கூட்டுறவுச் சங்கத்திடம் நடத்தக் கொடுத்தது. அதே ஆண்டு அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் கமலாதேவி.

அன்றைய சூழலை நினைத்துப் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் அணை, உருக்காலை, உரத் தொழிற்சாலை என்றே பேச்சு. அந்த நேரத்தில் மண்பானை, பாய், பொம்மை என்று ஒருவர் பேசினால் பழைய காலத்து மனுஷி என்றுதான் சிரித்திருப்பார்கள். கமலாதேவிக்கு இயந்திரம் பிடிக்காது என்று இல்லை. ஆலை வந்தால் முதலில் வேலை இழப்பது வீட்டில் உட்கார்ந்து நூற்று, பின்னி, தைத்துப் பிழைக்கும் பெண்கள்தான் என்று அவர் கணக்குப் போட்டார். கைத்தொழில் அவருக்கு முதலில் கோடிக்கணக்கான பேரின் சாப்பாடு, அழகெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்தக் காளஹஸ்திக்கு இப்போது வருகிறேன். ராகு-கேது பரிகாரத்துக்கு நம்மில் பலரும் போய்வந்த ஊர்தான். அந்தக் கோயிலை ஒட்டித் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் துணியில் ராமாயணம், பாரதம் வரைந்து வந்தன. சுவாமிக்குப் பின்னால் தொங்கும் திரை, தேர்ச்சீலை, விதானம் எல்லாம் அவர்கள் கை. ஒரே துணியில் கட்டம் கட்டமாகக் கதை ஓடும், கீழே தெலுங்கில் விளக்கம் இருக்கும்.

செய்முறை சுலபமானது இல்லை. காடாத் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பாலில் உள்ள கொழுப்புதான் மை பரவாமல் பிடித்து வைப்பது. மூங்கில் குச்சியின் முனையில் கம்பளி நூலைச் சுற்றி, அதுதான் பேனா. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்தால் ஒரு திரவம் கிடைக்கும். அது கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுப்பாகிவிடும். சிவப்புக்குப் படிகாரம் தடவி சாயவேரிலோ மஞ்சிட்டியிலோ கொதிக்கவைக்க வேண்டும். நீலத்துக்கு அவுரி. ஒவ்வொரு நிறத்துக்கும் பிறகு ஓடுகிற தண்ணீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். ஆற்றில் தண்ணீர் இல்லை என்றாலும் வேலை நின்றுவிடும், மழை விடாமல் பெய்தாலும் நின்றுவிடும். எந்தப் பதத்தில் எடுப்பது, எத்தனை நாள் புளிக்கவைப்பது என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை, அப்பாவின் கையைப் பார்த்து மகன் பிடித்துக்கொள்வது.

பிரச்சினையும் அங்கேதான் இருந்தது. ஆலைத்துணியும் அச்சுத்துணியும் வந்தபின் கோயில்களும் ஜமீன்களும் கொடுத்துவந்த வேலை வற்றியது. மகன்கள் வேறு பிழைப்புக்குப் போனார்கள். 1950-களில் கமலாதேவியும் அவருடைய வாரியமும் காளஹஸ்திக்குப் போனபோது, வேலை தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ண வேண்டிய நிலை. அந்தச் சிலரும் மூத்தவர்கள். அவர்கள் போனால் அவர்களோடு எல்லாமே போய்விடும்.

அவரும் வாரியமும் செய்தது இதுதான்: அந்த ஊரிலேயே ஒரு பயிற்சி மையம் திறந்து, எஞ்சியிருந்த மூத்த கலைஞர் ஒருவரை ஆசிரியராக உட்காரவைத்து, மாணவர்களைச் சேர்த்தார்கள். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பம் தன் மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து வந்ததை ஊரார் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பது எப்பேர்ப்பட்ட காரியம்! நம் வீட்டிலேயே சாம்பார்ப் பொடியின் அளவைச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்ல யோசிக்கும் பாட்டிகள் இல்லையா?

அந்தக் குடும்பங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தொழில் ரகசியம்தான் அவர்களுடைய ஒரே சொத்து. வெளியே விட்டால் வயிற்றில் அடி. குடும்பத்துக்குள் பொத்திப் பொத்தி வைத்ததால்தான் அந்தக் கலை அத்தனை நூற்றாண்டு கெடாமல் வந்தது. அதே பொத்தல்தான் கடைசியில் அதைச் சாகும் இடத்துக்குக் கொண்டுவந்ததும். மகன் வரமாட்டேன் என்றால் மகளுக்குச் சொல்லித்தரும் வழக்கம் இல்லை, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இல்லை. இந்த முடிச்சைக் கமலாதேவி ஒரு பக்கமாக அவிழ்த்தார். ரகசியத்தைத் திறந்துவிடு, அதற்குப் பதிலாக ஆசிரியர் என்ற மரியாதையும் சம்பளமும் பொருளுக்குச் சந்தையும் வாங்கித் தருகிறேன் என்பதுதான் அவருடைய பேரம். அவரே சொத்து கிடைக்காத மகள் என்பதால் அதன் மறுபக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். இன்று காளஹஸ்தியில் கலம்காரி வரைபவர்களில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய முறையில் அவர்களுக்கு அந்தக் குச்சியைத் தொடவே வாய்ப்பு இருந்திருக்காது.

ஜெய்ப்பூர் நீலப் பாண்டங்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதில் களிமண்ணே கிடையாது. குவார்ட்ஸ் கல்லைப் பொடித்து, கண்ணாடித் தூளும் பிசினும் சேர்த்துப் பிசைந்து செய்வது. அது ஏறக்குறைய அற்றுப்போயிருந்த நேரத்தில், 1960-களில் ஓவியர் கிருபால் சிங் ஷெகாவத் அதை மீட்டெடுத்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களில் கமலாதேவி முக்கியமானவர்.

எல்லாவற்றையும் அவர் ஒருவரே செய்தார் என்று சொல்லக்கூடாது. பீகாரின் மதுபனியில் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த சுவர் ஓவியம் 1960-களின் பஞ்சக் காலத்தில் காகிதத்துக்கு மாறியதே, அதற்குக் காரணம் புபுல் ஜெயகரும் அவர் அனுப்பிய பாஸ்கர் குல்கர்ணியும். அது ஒரு தலைமுறையின் கூட்டு வேலை. அதற்குக் கூடாரம் போட்டுக் கொடுத்தவர் கமலாதேவி.

வாரியத்தின் வேலையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது. எந்த ஊரில் என்ன தொழில், எத்தனை பேர் என்று கணக்கெடுப்பது, மூலப்பொருள் கிடைக்க வழி செய்வது, பம்பாய், கல்கத்தா, பெங்களூர், டெல்லி ஆகிய நகரங்களில் வடிவமைப்பு மையங்கள் நடத்துவது, பொருளுக்கு நியாய விலை வைப்பது. கடைசியாகச் சொன்னதற்கு அவர் மிகவும் மெனக்கெட்டார். எம்போரியம் என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஒவ்வொரு மாநிலமும் அப்படி ஒன்று தொடங்கியதற்கு முன்மாதிரி ஜன்பத் கடைதான். நம்முடைய பூம்புகார் 1973-இல் வந்தது, அதே வரிசையில்தான்.

இன்னொன்று பெயர். இந்தப் பொருள்களைச் செய்தவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. தஞ்சாவூர்த் தட்டு, பத்தமடைப் பாய் என்று ஊர்ப் பெயர் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. 1965-இல் தலைசிறந்த கைவினைஞர்களுக்கான தேசிய விருது தொடங்கியபோது, குயவருக்கும் நெசவாளிக்கும் சிற்பிக்கும் பெயர் சொல்லி மேடையில் மரியாதை கிடைத்தது. அந்த விருதுக்குப் பின்னால் இருந்தவரும் இவர்தான். கைத்தறிக்காரர்கள் அவரை ‘ஹத்கர்கா மா’ என்றார்கள். கைத்தறித் தாய் என்று பொருள்.

அவர் எப்போதும் கைத்தறிப் புடவைதான் கட்டுவார், தலையில் பூ இருக்கும், கை நிறையக் கிராமத்து வெள்ளி நகைகள். அந்தக் காலத்துத் தலைவர்களின் வெள்ளைக் கதருக்கு நடுவில் தனியாகத் தெரிவார். ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தார், எழுபது வயதுக்குப் பிறகும் நிறுத்தவில்லை. இடையில் இந்தியக் கைவினைகள், எம்பிராய்டரி, தரைவிரிப்பு என்று புத்தகங்கள் வேறு. நாடகத்துக்கும் நிறையச் செய்தார். அவர் முன்னின்று நடத்திய பாரதிய நாட்டிய சங்கம் தொடங்கிய பயிற்சிக் கழகம்தான் பின்னர் தேசிய நாடகப் பள்ளியாக வளர்ந்தது.

1964-இல் நியூயார்க்கில் உலகக் கைவினைக் கவுன்சில் தொடங்கியபோது அதை நிறுவியவர்களில் ஒருவராக இருந்தார். அதே ஆண்டு இந்தியக் கைவினைக் கவுன்சிலையும் தொடங்கினார். அதன் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. அரசு வாரியம் ஒன்று கையில் இருக்கும்போதே தனியார் அமைப்பு ஒன்றை ஏன் தொடங்கினார் என்று யோசித்தேன். அரசாங்கத்தை அவர் முழுதாக நம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு 1955-இல் பத்மபூஷண், 1966-இல் மகசேசே விருது, 1987-இல் பத்மவிபூஷண் கிடைத்தன. 1988 அக்டோபர் 29-ஆம் தேதி பம்பாயில் காலமானார். வயது 85.

அவருடைய வழியில் குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. கோயில் திரையாக இருந்த கலம்காரி, புடவை முந்தானையாகவும் குஷன் உறையாகவும் ஆனது. பாரதக் கதை முழுவதும் வரையத் தெரிந்தவர்கள் மயிலும் தாமரையும் வரைந்து பிழைக்கிறார்கள். சந்தைக்குப் போன கலை சந்தை கேட்டதைச் செய்யும். எம்போரியங்கள் பல ஊர்களில் தூசி படிந்த அரசு அலுவலகங்களாக மாறின. விற்பவருக்கே தான் விற்கும் பொருள் எந்த ஊர் என்று தெரியாது. அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தை 2020 ஆகஸ்டில் மத்திய அரசு கலைத்துவிட்டது. அதற்குள் அது ஆலோசனை சொல்லும் குழு என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது உண்மைதான். கொரோனா செய்திகளுக்கு நடுவே பலர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

காளஹஸ்திப் பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள். மகன் பெங்களூரில் கம்பெனி வேலை. மகள் மட்டும் வரைகிறாள், நம் கூடத்தில் தொங்கிய கிருஷ்ணர் ராசலீலை அவள் கைவேலைதான். ஐந்தடித் துணி, ஒரு மாதத்துக்கு மேல் ஆனதாம். அதை யாரும் வாங்கவில்லை, கைக்குட்டை அளவுத் துணிகளும் பைகளும்தான் விற்றன. இந்த ஆண்டும் செப்டம்பர் கடைசி வாரத்தில் விற்பனை உண்டு, அவர்களை அழைத்திருக்கிறோம். முடிந்தால் மகளும் வந்து, துணியில் எப்படி வரைவது என்று நம் வளாகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். தேதி முடிவானதும் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் போடுகிறோம்.